கூரைப் பணத்தில் வாங்கிய லென்ஸ்

அந்த லென்ஸுக்குக் கொடுத்தது கூரைக்காகச் சேர்த்த பணம். மொரீஷியஸில் கான்கிரீட் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொட்டை மாடிக்கு நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சுப் போட்டே ஆக வேண்டும். எங்கள் வீடு வாக்கோவாவில் இருக்கிறது. மேட்டு நிலம், ஓயாத தூறல். நானும் மனைவியும் இரண்டு ஆண்டுகளாக மாதாமாதம் ஒதுக்கி 92,000 ரூபாய் சேர்த்திருந்தோம். 2023 செப்டம்பரில் அதிலிருந்து 70,100 ரூபாயை அவளிடம் சொல்லாமல் எடுத்து, தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும், மங்கிய ஒளியிலும் படமெடுக்கும் 300 மி.மீ. எஃப் 2.8 கேமரா லென்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நான்கு மாதத்தில் அது உயிரை விட்டது. வாங்கும் முன் நானும் தேடித் தேடிப் படித்தேன். இந்த வகை லென்ஸ் எடுக்கும் படங்களின் அழகைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். முப்பது வயதான ஒன்றை வாங்கப் போகிறவன் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வார இறுதிகளில் கல்யாணம், காதுகுத்து, நாட்டிய நிகழ்ச்சி என்று படமெடுக்கப் போவேன். அதில் வரும் பணம் சிறியது, ஆசை பெரியது. அந்த ஆசையின் மையம் தைப்பூசக் காவடி. என் அப்பா பதினொரு ஆண்டுகள் காவடி எடுத்தவர். ஒரு வருடம் ஆற்றங்கரையில் அவருக்கு அலகு குத்தும்போது, ஒரு படக்காரர் கேமராவை அவர் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நீட்டியதை நான் சிறுவனாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த மூடிய கண்கள் என்னை விட்டுப் போகவில்லை. நான் கேமரா வாங்கிய நாளிலிருந்தே எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டளை ஒன்று உண்டு: விரதம் இருந்து வந்தவரின் முன்னால் போய் நிற்கக் கூடாது, தள்ளி நின்றே எடுக்க வேண்டும்.

தள்ளி நிற்க நீளமான லென்ஸ் வேண்டும். என்னிடம் இருந்தது 70-300 மி.மீ. ஜூம். அதன் நீண்ட முனையில், ஒளி நுழையும் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறையத்தான் துளை அகலும். எங்கள் ஊரில் அலகு குத்துவது விடியற்காலையில், ஆற்றோர மரங்களின் அடியில். 2023 பிப்ரவரிக் காவடியில் எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பாதியில் முகம் அசைந்திருந்தது, மீதியில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். எஃப் 5.6க்கும் எஃப் 2.8க்கும் இடையே இரண்டு படிகள். அதாவது உள்ளே வரும் ஒளி நான்கு மடங்கு. ஷட்டர் வேகம் 1/125 நொடி இருந்த இடத்தில் 1/500 கிடைக்கும். அல்லது கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 6400 வைத்த இடத்தில் 1600 போதும். அதற்கு மேல், பின்னால் நிற்கும் கூட்டம், கார்கள், மின்கம்பி எல்லாம் கரைந்து நிறமாகிவிடும். இந்த ஒளிக்கு விலை கண்ணாடியின் அகலம். 300ஐ 2.8ஆல் வகுத்துப் பாருங்கள், 107 மி.மீ. வருகிறது. முன் கண்ணாடி குறைந்தது அவ்வளவு அகலம் இருந்தால்தான் அந்த ஒளி உள்ளே வரும். இத்தகைய லென்ஸ்கள் ஏன் இவ்வளவு கனம், ஏன் இவ்வளவு விலை என்ற கேள்விக்கு அந்த ஒரு வகுத்தல் கணக்கே பதில். புதிதாக வாங்குவது என் கனவிலும் நடக்காது. ஆகவே பழையது.

விளம்பரம் ரியூனியன் தீவிலிருந்து வந்தது. விற்றவர் ஓய்வு பெற்ற ஒளிப்படக்காரர் என்று சொல்லிக்கொண்டார். விலை 1,150 யூரோ, அன்றைய மாற்று விகிதத்தில் 55,200 ரூபாய். 1980களின் இறுதியில் சந்தைக்கு வந்த வடிவம் அது. என் கைக்கு வந்தது 1990களின் தொடக்கத்தில் செய்யப்பட்டது. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. முப்பது ஆண்டுகள் உழைத்த ஒரு பொருளின் பெயரில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்துப் படங்கள் அனுப்பியிருந்தார். உடலில் வெள்ளைப் பூச்சு சில இடங்களில் உரிந்திருந்தது. கண்ணாடி பளபளவென்று இருந்தது. “எல்லாம் வேலை செய்கிறது” என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நம்பி வங்கி வழியாக முழுப் பணத்தையும் அனுப்பினேன். அனுப்பிய பணத்தைத் திரும்பக் கேட்க வழி இல்லாத முறை அது என்பது அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் அனுப்பினேன், ஏனென்றால் இன்னொருவர் முந்திக்கொள்வாரோ என்ற பயம் அறிவை மூடிவிட்டது.

இங்கே நான் செய்த மிகப் பெரிய பிழையைச் சொல்ல வேண்டும். ரியூனியன் எங்கிருக்கிறது? விமானத்தில் முக்கால் மணி நேரம். போய்வர எனக்குப் பத்தாயிரம் ரூபாய் ஆகியிருக்கும். அதுகூட வேண்டாம், என் மாமா மகன் செயின்ட் டெனியில்தான் வேலை செய்கிறான். விற்றவர் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். “ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா தம்பி” என்று சொல்லியிருந்தால் தன் கேமராவோடு போயிருப்பான். நான் சொல்லவில்லை. அவனிடம் சொன்னால் மாமிக்குப் போகும், மாமியிடமிருந்து என் மனைவிக்கு வரும். வீட்டில் மறைத்து வாங்குகிறவன் வெளியில் யாரிடமும் உதவி கேட்க முடியாது. என்னை அதிகம் நோகடித்தது இதுதான், பணம் அதற்கு அடுத்ததுதான். பழைய லென்ஸ் வாங்குகிறவர்களே, வீட்டில் சொல்லிவிட்டு வாங்குங்கள். நல்லொழுக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நாலு பேருக்குத் தெரிந்து வாங்கும்போது அந்த நாலு பேரில் ஒருவர் போய்ப் பார்ப்பார்.

கூரியர் செலவும் காப்பீடும் 4,800. பொருளின் விலையையும் அனுப்பும் செலவையும் கூட்டி அதன் மேல் 15 சதவீதம் வாட் வரி போடுவார்கள் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. 60,000க்கு 9,000. விடுவிப்புக் கட்டணம் 1,100. ஆக 70,100. வெளிநாட்டில் விலை பார்க்கும்போது அந்த விலையோடு கால் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டிய பிறகும் மலிவாகத் தெரிந்தால்தான் அது மலிவு. அந்தத் தொகைக்கு உள்ளூரில் யாராவது விற்கிறார்களா என்று ஒரு மாதம் பொறுத்துப் பார்த்திருந்தால்கூட எனக்கு நல்லது நடந்திருக்கும்.

பெட்டியைப் பள்ளியில்தான் பிரித்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, மேசைமேல் வைத்து. மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கேமராவில் மாட்டி விளையாட்டுத் திடலின் மறுகோடியில் இருந்த வேப்ப மரத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு இலைக் கொத்து மட்டும் இந்த உலகத்தில் இருந்தது, மற்றதெல்லாம் பச்சைப் பனி. எனக்கு நாற்பத்திரண்டு வயது. அன்று கண் கலங்கியதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நல்ல நாட்களும் இருந்தன, அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். நவம்பரில் ஒரு நாள் மாஹேபூர் பக்கம் போய், படகில் ஈல் ஓ எக்ரெத் தீவுக்குப் போனேன். 26 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய பவளத் தீவு. வழிகாட்டியோடுதான் நடக்கலாம். உள்ளே கருங்காலி மரங்களின் நிழல் அடர்த்தி; நடுப்பகலிலும் வெளிச்சம் வடிகட்டித்தான் விழும். அங்கே இளஞ்சிவப்புப் புறா இருக்கிறது, நம் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத பறவை. 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்து அளவில்தான் எஞ்சியிருந்தன. வளர்த்து விட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒன்று கிளையில் வந்து உட்கார்ந்தது. என் ஜூம் லென்ஸில் அந்த நிழலில் எதுவும் தேறியிருக்காது. இதில் எஃப் 2.8, 1/400, ஐ.எஸ்.ஓ. 1600. கழுத்து இறகின் ஒவ்வொரு நுனியும் தெரிந்தது. ஒரு சிறிய சங்கடம் மட்டும்: அந்தப் புறாக்களுக்கு மனிதரிடம் பயமில்லை, அருகிலேயே வந்துவிடும். என் லென்ஸோ மூன்று மீட்டருக்குள் எதையும் தெளிவாகக் காட்டாது. பின்னால் நகர்ந்தால் வழிகாட்டி பாதையை விட்டு இறங்காதீர்கள் என்கிறார். குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் என்ற ஒரு வரியை விவரப் பட்டியலில் யாரும் படிப்பதில்லை. படியுங்கள். சிறிய கூடத்தில் நாட்டியம் எடுப்பவருக்கும் வீட்டுக்குள் குழந்தையை எடுப்பவருக்கும் அந்த ஒரு எண் லென்ஸையே பயனற்றதாக்கிவிடும்.

தூக்கும் முறையையும் அந்த நாட்களில்தான் கற்றேன். கேமராவைப் பிடித்துத் தூக்கக் கூடாது, லென்ஸின் அடியில் இருக்கும் காலைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். இல்லையென்றால் முழுக் கனமும் கேமராவில் லென்ஸ் மாட்டும் மவுண்ட் வளையத்தில் விழும். என் லென்ஸில் அசைவைச் சமன் செய்யும் வசதி இல்லாததால் ஒற்றைக்கால் தாங்கி இல்லாமல் அரை மணி நேரம் தாண்டவில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்கு அதையும் வாங்கினேன், அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

டிசம்பரில் முதல் அறிகுறி. தூரத்திலிருந்து பக்கத்துக்கு ஃபோகஸ் மாறும்போது நடுவழியில் ஒரு கணம் நின்று, பிறகு போனது. காலையில் அதிகம் நின்றது, வெயில் ஏறியதும் சரியானது. லென்ஸை அண்ணாந்து பிடித்தால் ஒரு மெல்லிய கிறீச் ஒலி. வயதானவர்களுக்கு முழங்கால் வலிப்பதுபோல என்று நினைத்துக்கொண்டேன். மோட்டார் சாகப்போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. பிற்பாடு யோசித்தால், விற்றவர் வீட்டில் ஐந்து நிமிடம் நான் நின்றிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். லென்ஸைக் கேமராவில் மாட்டி, மிக அருகிலிருந்து முடிவிலி வரை, முடிவிலியிலிருந்து மிக அருகு வரை முப்பது முறை ஃபோகஸை ஓடவிடுங்கள். நேராக வைத்துப் பத்து முறை, வானத்தைப் பார்த்துப் பத்து முறை, தரையைப் பார்த்துப் பத்து முறை. உள்ளே இருக்கும் கண்ணாடிக் கூட்டம் கனமானது. ஓய்ந்துபோன மோட்டார் சமதளத்தில் நகர்த்திவிடும், மேல்நோக்கித் தள்ளும்போதுதான் மூச்சு வாங்கும். மோட்டார் சூடாவதற்கு முன் சோதிப்பது முக்கியம். நீங்கள் வருவதற்குள் விற்பவர் போட்டு வைத்திருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இன்னொரு விஷயம், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஆட்டோ ஃபோகஸ் கெட்டால் கையால் திருப்பிக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எல்லா லென்ஸிலும் அது நடக்காது. சில பழைய பெரிய லென்ஸ்களில் ஃபோகஸ் வளையத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. வளையத்தைத் திருப்பினால் மின்சாரச் சமிக்ஞை போகும். அதைப் பார்த்து மோட்டார்தான் கண்ணாடியை நகர்த்தும். மோட்டார் செத்தால் கையும் செத்தது. இதைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றிக் கையில் வைத்து வளையத்தைத் திருப்புங்கள். தூர அளவைக் காட்டும் சிறிய ஜன்னலில் எண்கள் நகர்ந்தால் நேரடித் தொடர்பு இருக்கிறது. வளையம் சும்மா சுற்றி, எண்கள் அசையாமல் இருந்தால் அது மின்சார வழி. இன்று வரும் புதிய லென்ஸ்கள் பலவும் மின்சார வழிதான், அதில் குற்றமில்லை, உதிரிபாகம் கிடைக்கும் காலத்தில் இருக்கின்றன. முப்பது வயதான மின்சார வழி லென்ஸை மட்டும், அது இலவசமாக வந்தாலொழிய, தொடாதீர்கள்.

2024 ஜனவரி 15. பொங்கல் நாள், பெலால் புயலும் அன்றுதான். ரியூனியனை அடித்துவிட்டு எங்கள் பக்கம் மழையைக் கொட்டியது. போர்ட் லூயிஸில் தெருக்கள் ஆறாகி கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் மாலைக்குள் படுக்கையறைக் கூரையில் ஒரு ஈரவட்டம் விழுந்தது. இரவுக்குள் சொட்ட ஆரம்பித்தது. பொங்கல் பானை உட்பட வீட்டிலிருந்த பாத்திரங்களையெல்லாம் கட்டில்மேல் வைத்தோம். மழை சற்று ஓய்ந்ததும் மனைவி கேட்டாள்: “பணம் இருக்கிறதே, ஏன் இன்னும் ஆளைக் கூப்பிடவில்லை?” நான் அலமாரியைத் திறந்து லென்ஸை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். வாயில் வார்த்தை வரவில்லை. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். விலையைக் கேட்டாள், சொன்னேன். திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். “சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நிரம்பிய பாத்திரத்தை மாற்றி வைக்கப் போனாள். அந்த இரவில் நான் தூங்கவில்லை. பூச்சு உரிந்த சுவருக்கும் நனைந்த மெத்தைக்கும் பிறகு 18,000 ரூபாய் ஆனது.

பத்து நாள் கழித்து, 25ஆம் தேதி காவடி. அந்த வருடம் மைத்துனன் மகன் முதல்முறையாகக் காவடி எடுத்தான், பதினேழு வயது. “மாமா, நீங்கள்தான் எடுக்க வேண்டும்” என்று விரதம் தொடங்கிய நாளிலேயே சொல்லிவிட்டான். விடியும் முன்பே ஆற்றங்கரைக்குப் போய், பன்னிரண்டு மீட்டர் தள்ளி ஒரு மேடான இடத்தில் தாங்கியை ஊன்றினேன். ரோஜா நிற உடையில் வரிசையாக நின்றார்கள். கற்பூர வாசனை, மேளம். அவன் முறை வருவதற்கு முன் இரண்டு பேரை எடுத்துப் பார்த்தேன். மூன்றாமவரில் லென்ஸ் ஒரு முறை கிறீச்சிட்டு நின்றது. கேமராவை அணைத்துப் போட்டேன், பேட்டரியை மாற்றினேன், மவுண்டின் தங்க நிறத் தொடுமுனைகளைச் சட்டையால் துடைத்தேன். வளையத்தைத் திருப்பினேன், சும்மா சுற்றியது. தூர ஜன்னலில் எண் ஆறு மீட்டருக்கு அருகில் உறைந்துபோயிருந்தது. மைத்துனன் மகன் ஆற்றில் முழுகி எழுந்து வந்துகொண்டிருந்தான்.

அப்போது தோன்றியது இது ஒன்றுதான்: லென்ஸ் ஆறு மீட்டரில் நிற்கிறதென்றால் நான் ஆறு மீட்டரில் நிற்க வேண்டும். கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் போய்க் கைகூப்பி அனுமதி கேட்டேன். அவர் தலையசைத்துத் தரையில் ஓர் இடத்தைக் காட்டினார். தள்ளி நிற்பதற்காகக் கூரையை விற்று வாங்கிய லென்ஸ் என்னை அருகே கொண்டுபோய் நிறுத்தியது. எஃப் 2.8இல் ஆறு மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் ஏழு சென்டிமீட்டர்தான். கண்ணில் விழுந்தால் காதில் விழாது. தாங்கியோடு உடம்பை ஒரு விரல் முன்னும் பின்னும் சாய்த்து, அவன் கண் தெளியும் கணத்தில் அழுத்திக்கொண்டே இருந்தேன். 212 படங்கள். அவற்றில் ஐந்து தேறின. நாக்கில் வேல் ஏறும் நொடி அந்த ஐந்தில் இல்லை. அதற்கு அடுத்த நொடி இருக்கிறது, அவன் கண்ணைத் திறந்த நொடி. ஊர்வலத்தை எடுக்க என்னிடம் வேறு லென்ஸ் இல்லை, ஜூமை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். ஒரு முக்கியமான நாளுக்கு ஒரே ஒரு லென்ஸோடு போகக் கூடாது என்பதைக் கல்யாண வேலையில் என்றோ கற்றவன், அன்று மறந்துவிட்டேன். மதியம் கோயிலில் இலை போட்டு ஏழு கறி பரிமாறினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாப்பிட்டான். எனக்கு இறங்கவில்லை.

பழுது பார்க்கும் படலத்தை விரிக்க விரும்பவில்லை. போர்ட் லூயிஸில் ஒருவர் திறந்து பார்த்து 1,500 வாங்கிக்கொண்டு, தன்னால் ஆகாது என்றார். நேர்மையான மனிதர். தென்னாப்பிரிக்காவில் ஒரு பழுதுநிலையத்துக்கு அனுப்பினேன்: போக 3,600, வர 3,600, பரிசோதனைக் கட்டணம் 1,900. ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. மோட்டார் தேய்ந்துவிட்டது, அந்த உதிரிபாகம் எப்போதோ நிறுத்தப்பட்டுவிட்டது. லென்ஸின் வடிவத்தையும் வரிசை எண்ணையும் எழுதி “இதற்கு மோட்டார் கிடைக்குமா?” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் இலவசமாகவே தெரிந்திருக்கும். வாங்குவதற்கு முன் அனுப்பியிருக்க வேண்டிய மின்னஞ்சல் அது. எந்த நிறுவனமும் உற்பத்தி நின்ற பிறகு சில ஆண்டுகள் வரைதான் பாகங்களை வைத்திருக்கும். ஆகவே ஒரு லென்ஸ் எப்போது அறிமுகமானது என்பதைக் காட்டிலும் எப்போது நிறுத்தப்பட்டது என்று கேளுங்கள்.

அவர்கள் அறிக்கையில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. உள் கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் பூஞ்சை. அது ரியூனியனிலிருந்தே வந்ததா, வாக்கோவா ஈரத்தில் என் அலமாரியில் வளர்ந்ததா, தெரியாது; இரண்டுக்கும் நானே பொறுப்பு. விளம்பரப் படங்களில் கண்ணாடி பளபளத்தது என்றேன் அல்லவா, முன்பக்கத்திலிருந்து எடுத்தால் எந்தப் பழைய லென்ஸும் பளபளக்கும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கத்தில் சாய்வாகக் கண்ணை வைத்துப் பார்த்தால்தான் சிலந்தி நூல்போன்ற கிளைகள் தெரியும். இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் வைத்து ஈரப்பதத்தை 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு ஆன செலவு 900 ரூபாய். மேட்டு நிலத்து ஊர்களில், கியூர்பீப், வாக்கோவா பக்கம் இருப்பவர்கள் லென்ஸைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். இரண்டாவது வரி, பின்பக்கத்தில் செருகும் ஃபில்டர் தட்டில் கண்ணாடி இல்லை, வெறும் சட்டம்தான் இருந்தது. இதுபோன்ற பெரிய, நீளமான லென்ஸ்கள் பலவற்றில் அந்தச் சிறிய கண்ணாடியையும் சேர்த்துத்தான் ஒளியியல் கணக்கே போட்டிருப்பார்கள். வாங்கும்போது அந்தத் தட்டை உருவிப் பார்க்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

மே மாதத்தில் அந்த லென்ஸை, என்ன கெட்டிருக்கிறது என்று முழுவதும் எழுதிக் கொடுத்து, உதிரிபாகத்துக்காகத் தேடிய ஒருவருக்கு 13,500 ரூபாய்க்கு விற்றேன். லென்ஸுக்கும் பழுதுக்கும் போனது 80,700. திரும்பியது போக 67,200 ரூபாய் நஷ்டம். சுவருக்கு ஆன 18,000 தனி. அந்த ஆண்டு முழுவதும் எந்த வார இறுதியிலும் நான் வீட்டில் இல்லை. வந்த கல்யாணம் ஒன்றையும் விடாமல் எடுத்து, வந்ததை அப்படியே மனைவி கையில் கொடுத்தேன். அக்டோபரில் ஆட்கள் வந்து மொட்டை மாடிக்குப் பூச்சுப் போட்டார்கள்.

பெரிய லென்ஸைப் பழிக்க எனக்கு விருப்பமில்லை. 300 எஃப் 2.8 தேவைப்படுகிறவருக்கு வேறு எதுவும் ஈடாகாது. சோனி 2023 நவம்பரில் அறிவித்த ஒன்று 1,470 கிராம்தான்; என்னுடையதின் பாதிக் கனம். அதன் விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். எனக்கு உண்மையில் எவ்வளவு தூரம் தேவைப்பட்டது என்பதைப் பழைய படங்களைத் திறந்து கணக்கெடுத்தேன். வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. நாலு வருடக் காவடிப் படங்களில், நான் விரும்பி வைத்துக்கொண்டவற்றில் முக்கால்வாசி ஐந்திலிருந்து எட்டு மீட்டர் தூரத்தில், 120க்கும் 160 மி.மீ.க்கும் இடையில் எடுத்தவை. 300 எனக்கு ஆசை, 135 எனக்குத் தேவை. 135 எஃப் 2 என்றால் எஃப் 2.8ஐவிட இன்னும் ஒரு படி ஒளி அதிகம், ஐந்து மீட்டரில் பதினாறு சென்டிமீட்டர் ஆழம், ஒரு முகம் முழுவதும் அடங்கும். கனமும் கைக்கு அடங்கும்: கேனான் 1996இல் கொண்டுவந்த 135 எஃப் 2 வெறும் 750 கிராம், சிக்மாவின் எஃப் 1.8 ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். நான் வாங்கியது சாம்யாங் 135 எஃப் 2, கையால் மட்டுமே ஃபோகஸ் செய்வது. உள்ளே மோட்டாரே கிடையாது. வளையத்தைத் திருப்பினால் கண்ணாடி நகரும், அவ்வளவுதான். ரோஸ் ஹில்லில் ஒரு கல்யாணப் படக்காரரிடம், மனைவியையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு மணி நேரம் சோதித்து, 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். டார்ச்சைப் பிடித்தது அவள்தான். ஓடுகிற பிள்ளைகளை இதில் எடுக்க முடியாது என்பது உண்மை. அலகு குத்தும்போது யாரும் ஓடுவதில்லை. 2025 பிப்ரவரி 11 அன்று மைத்துனன் மகன் இரண்டாவது காவடி எடுத்தபோது, ஏழு மீட்டர் தள்ளி ஒரு மரத்தடியில் நின்று எடுத்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர் பறவைகள் மேல் பித்துக்கொண்டவர். போன வாரம் தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார்: 300 எஃப் 2.8, வெள்ளை உடல், நம்ப முடியாத விலை, விற்பவர் கடற்கரைப் பக்கம். “நாளைக்கே பணத்தை அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன், சார்” என்றார். சனிக்கிழமை காலை இருவரும் போகிறோம். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன், சொல்லிவிட்டாராம். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன்.